பெண்கள் வரிசை

"திரும்பவும் செங்கோட்டைக்குள்ளயா? ரெண்டு தடவை பாத்தாச்சேம்மா!" காரைக்காலிலிருந்து ஆட்களை டெல்லிக்கு அழைத்து வந்திருந்த டூர் மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னும் ஒரு மணி நேரத்துல பஸ் கிளம்பிடும். நேரா ரயிலுக்குத்தான்."

"பாதுஷா உக்காந்த மண்டபத்தை நல்லா பாக்கலை தம்பி. ஓடி வந்துடுறோம்" என்றாள் தையல்நாயகி.

அவள் கணவர் சுப்ராயன் அதற்குள் டிக்கெட்டோடு வந்து நின்றார். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் கோட்டைப் பைத்தியம் என்று பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள்.

வாசலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் நின்ற பெண்கள் சோதனைக்கு அலுத்துக்கொண்டார்கள். தையல்நாயகி மட்டும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஆவலாகக் காத்திருந்தாள்.

திரைக்குள் நுழைந்ததும், சொல்லாமலே இரண்டு கைகளையும் விரித்தாள். காக்கி உடுப்பிலிருந்த பெண் அவள் தோளைத் தொட்டு, முதுகைத் தடவி, இடுப்புக்கு வந்தாள். அங்கே வைத்த கையை எடுக்கவில்லை.

"போதும்மா, மேடம் பாக்குறாங்க. டூட்டி முடிய ராத்திரியாயிடும், நீங்க ஊருக்குக் கிளம்புங்க. பொங்கலுக்குக் கட்டாயம் வந்துடுறேன்" என்று காதோரம் கிசுகிசுத்தாள், லீவே கிடைக்காமல் மூன்று வருஷமாக வீட்டுப் பக்கம் வராத மகள் ஓவியா.

உள்ளே சுப்ராயன் காத்திருந்தார். "எளச்சிருக்காளா?"

"கைதான் காய்ச்சுப்போயிருக்கு."

அவர் அந்தத் திரையை எட்டி எட்டிப் பார்த்தார்.

"குடுத்துவச்சவ நீ. எனக்கு மூணு தடவையும் மீசைக்காரன்ல வந்து வாய்க்கிறான்!"