ஞாயிற்றுக்கிழமை வியர்க்காத சுவர்

பின்னறைச் சுவருக்குத் தானாகவே வியர்க்கிறது என்று மனைவி சொன்ன கதையை மழைக்காரர் மூன்று வருஷமாக நம்பவில்லை. நம்பாமலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

மழைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். வானிலை அலுவலகத்தில் வேலை. இன்றைக்குக் காற்றில் ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று ஊருக்கு எழுதி அனுப்புகிறவர் அவர்தான். அவர் குடியிருந்த மாடி வீட்டின் பின்னறையில் சுவரெல்லாம் ஓதம், அலமாரியெல்லாம் பூசணம். பெல்ட் பச்சையாகிவிட்டது. கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் மாப்பிள்ளைக்குத் தாடி முளைத்திருந்தது.

"உங்க ஆபீஸ்ல சொல்லி இந்த ரூமுக்கும் ஒரு எச்சரிக்கை விடச் சொல்லுங்க" என்பாள் மனைவி.

பிளம்பர் வந்து, குழாய் ஒழுகவில்லை என்றார். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து, காது வைத்துக் கேட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

மழைக்காரர் விடவில்லை. ஆபீஸில் கழித்துப் போட்ட ஈரமானி ஒன்றைக் கொண்டுவந்து பின்னறையில் மாட்டினார். தினமும் சாயங்காலம் நோட்டில் குறித்துவைத்தார். திங்கள் முதல் சனி வரை தொண்ணூற்று இரண்டு. ஞாயிற்றுக்கிழமை எழுபத்து நான்கு. மறுவாரமும் அப்படியே.

"ஏம்மா, சுவருக்கும் ஞாயித்துக்கிழமை லீவா?"

"ஆறு நாள் உழைக்கிற சுவர். ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கட்டுமே."

நோட்டை எடுத்துக்கொண்டு அவர் கீழே இறங்கினார். கீழ்வீட்டில் இருந்த ஓனர், ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். தனி ஆள். கஞ்சி போட்ட சட்டை, முறுக்கிய மீசை. அவர் இருமினால் எதிர்வீட்டு ரேடியோ தானாகக் குறையும். தெருவில் என்ன தகராறு என்றாலும் அவரிடம் நியாயம் கேட்க நாலு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாலு பேர் எதிரிலேயே மழைக்காரர் நோட்டைப் பிரித்து, தொண்ணூற்று இரண்டு, தொண்ணூற்று மூன்று என்று உரக்க வாசித்தார். இது வீடா, கிணறா என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தப்பு என் மேலதான் சார். பெயின்ட் அடிச்சுத் தரேன்" என்றார்.

மூன்று முறை அடித்தும் தந்தார். இவ்வளவு சாதுவான மனிதர் எப்படித் திருடனைப் பிடித்தார் என்று மழைக்காரருக்குக் கொஞ்சம் இளப்பமாகக்கூட இருந்தது.

கடைசியில், இந்த மாதத்தோடு காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் இன்ஸ்பெக்டர் வெளியே தலைகாட்டவில்லை. மனைவியோ பார்த்த வீட்டையெல்லாம் தட்டிக்கழித்தாள். ஒன்றில் சமையலறை சின்னது. ஒன்றில் படி செங்குத்து. ஒன்றில் வெளிச்சம் அதிகம். நான்காவது வீட்டில் குறை எதுவும் கிடைக்காமல், அதுவே சந்தேகமாக இருக்கிறது என்றாள்.

மழைக்காரருக்கு உறுத்தியது. சுவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று ஒரு புதன்கிழமை அரை நாள் லீவு போட்டார். பகல் பதினொரு மணிக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தன் வீட்டுப் படியிலேயே பூனை மாதிரி ஏறினார்.

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் சத்தம். தள்ளித் திறந்தார். ஈரத்துணி ஒன்று முகத்தில் பளாரென்று அறைந்தது.

ஜன்னலெல்லாம் அடைத்த அறையில் குறுக்கே மூன்று கொடி. பெட்ஷீட், போர்வை, மெத்தை உறை. நடுவில் மனைவி, வாயில் இரண்டு கிளிப்போடு.

"லாண்டிரி நடத்துறியா?"

அவள் கிளிப்பை எடுத்தாள். "மெதுவா பேசுங்க. கீழ அவருக்குக் கேட்கும்."

பிறகு சொன்னாள். ஒரு ஆபரேஷனுக்கு அப்புறம் இன்ஸ்பெக்டருக்குத் தூக்கத்தில் சிறுநீர்க் கட்டுப்பாடு போய்விட்டது. விடிவதற்குள் அவரே துவைத்துவிடுகிறார். ஆள் வந்துபோகிற வீட்டில் காயப்போடத்தான் வழியில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வாளியோடு மாடிப்படியில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டாராம். அதற்கு மேல் வார்த்தை வரவில்லையாம். இவளே இறங்கிப் போய் வாளியை வாங்கிக்கொண்டாளாம்.

"மாத்துறதுக்கு இன்னொண்ணு வாங்கக் கூடாதா?"

"போனாராம். தனி ஆளுக்கு எதுக்கு சார் இன்னொரு செட்டுன்னு கடைக்காரர் சும்மா கேட்டிருக்கார். அப்படியே திரும்பிட்டார். இருக்கிறது இந்த ஒண்ணுதான். இருட்டறதுக்குள்ள காஞ்சாகணும்."

"மொட்டை மாடியில போடறது."

"தினம் நம்ம கொடியில பெட்ஷீட் தொங்கினா தெரு என்ன பேசும்? உங்களுக்குத்தான்னு பேசும். பரவாயில்லையா?"

ஜன்னல் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று மழைக்காரர் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"ஊருக்கே அறிக்கை எழுதுற ஆள்கிட்டயா? சுவரோட கதையையே நாலு பேர் முன்னாடி வாசிச்சவர் நீங்க."

கீழே இன்ஸ்பெக்டர் இருமினார். எதிர்வீட்டு ரேடியோ குறைந்தது.

மழைக்காரர் ஈரமானிக்குப் பக்கத்தில் வைத்திருந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். தொண்ணூற்று இரண்டு, தொண்ணூற்று இரண்டு, தொண்ணூற்று மூன்று. எழுபத்து நான்கில் விரல் நின்றது. வீடு வீடாக இருக்கிற நாள் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் சிவப்பு மையில் வட்டம் போட்டுவைத்திருந்தார்.

நோட்டை மூடிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"நான் வீட்ல இருக்கிற ஞாயித்துக்கிழமையெல்லாம் அவர் எதுல படுத்துக்கிறார்?"