சோடா டீம்

"பதினோரு பேருக்க நெஞ்சிலயும் எனக்க கடைப் பேரு இருக்கணும். கொட்டை எழுத்துல. சம்மதமாலே?"

கேட்டவர் இஸ்ரவேல். வெள்ளிச்சந்தையில் கோலி சோடா போட்டு விற்கிறவர்.

எதிரே நின்ற ததேயுஸுக்குச் சுருக்கென்றது. முட்டத்துக் கடலில் கட்டுமரம் ஏறுகிறவன் அவன். அந்த ஊர்க் கால்பந்து டீமுக்குக் கேப்டன்.

"நாங்க பந்து களிக்கப் போறோம், முதலாளி. சோடா விக்க இல்ல."

"சும்மா பனியன் தச்சுத் தர நான் என்ன தரும சத்திரமா நடத்துதேன்? எனக்கு வியாபாரம்லா முக்கியம்!"

ததேயுஸ் பல்லைக் கடித்துக்கொண்டான். வேறு வழி இல்லை.

நாகர்கோவிலில் வருஷா வருஷம் கோப்பைப் பந்தயம் நடக்கும். போன வருஷம் பத்து மைல் நடந்து போனவர்களை மைதானத்துக்குள்ளேயே விடவில்லை. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன் இல்லாத டீமுக்கு இடம் கிடையாதாம். அங்கே ஒரு வக்கீல் இரக்கப்பட்டு, தம் பிள்ளைகள் போட்டுக் கழித்த பனியன்களை வண்டியிலிருந்து தூக்கிப் போட்டார். ததேயுஸ் அதை மடித்து, வக்கீல் காலடியிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

இந்த மனுஷனிடம் இரக்கம் இல்லை. வெறும் பேரம். அது தேவலை.

"சரி, முதலாளி. எழுதிக்கிடுங்க."

"இன்னொண்ணு. பாதி ஆட்டத்துல நடு மைதானத்துல நிண்ணு எல்லாவனும் எனக்க சோடாவக் குடிக்கணும். அண்ணாந்து குடிக்கணும். கூட்டத்துக்குத் தெரியணும்!"

'பேராசை பிடிச்ச மனுஷன்' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ததேயுஸ் தலையாட்டினான்.

இஸ்ரவேலின் சபையிலும் பேச்சு கிளம்பியது. ஜான்ரோஸ் என்கிற டீக்கன் கடைக்கே வந்துவிட்டார்.

"ஓய், நம்ம சபைப் பயக்களும்தான் பந்து களிக்கானுவ. அவனுவள விட்டுட்டு கடப்புறத்துக்காரனுக்கா பனியன்?"

"இவனுவ ஓடுத ஓட்டத்துக்கு ஆளுவ கண்ணெடுக்காமப் பாப்பாவ, டீக்கனாரே. எனக்க பேருல்லா தெரியும்!"

"பணப்பேய்!" டீக்கன் துண்டை உதறிக்கொண்டு போனார். இஸ்ரவேல் சிரித்துக்கொண்டே குப்பி கழுவப் போனார்.

பந்தயம் தொடங்கியது. மஞ்சள் பனியனில் சிவப்பு எழுத்து. 'இஸ்ரவேல் சோடா'. மைதானத்தில் இறங்கியதுமே கூட்டம் கெக்கலித்தது.

"ஏலே, சோடாக்குப்பி வருதுலே!"

"மெல்ல உருட்டுங்கலே, உடைஞ்சிரும்!"

ததேயுஸுக்குக் காது சிவந்தது. பந்தின் மேலேயே கண்ணாக ஆடினான். முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டாவதும் ஜெயித்தார்கள். கடைசி ஆட்டம் நாகர்கோவில் டீமோடு. அவர்கள் அத்தனை பேர் காலிலும் பூட்ஸ். இவர்கள் வெறுங்கால்.

பாதி ஆட்டத்தில் முட்டம் ஒரு கோல் பின்னால். அந்த நிலைமையிலும் நடு மைதானத்தில் நின்று சோடா குடித்தாக வேண்டும். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பயல்கள் தலை குனிந்து குடித்தார்கள்.

எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று இஸ்ரவேல் கத்தினார்:

"ஏலே! நெஞ்ச நிமித்துங்கலே! குனிஞ்சா எழுத்து தெரியுமா?"

பதினோரு பேரும் நிமிர்ந்தார்கள். கோபத்தில்தான் நிமிர்ந்தார்கள். ஆனால் நிமிர்ந்த பிறகு ஒருத்தன்கூடக் குனியவில்லை.

அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்தது. சேற்றில் பூட்ஸ் வழுக்கியது. அலையிலும் ஈர மணலிலும் பிறந்த நாளிலிருந்து ஓடிய கால்களுக்குச் சேறு ஒரு பொருட்டா? டீமில் சிலுவை என்கிற பையன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். ஒன்றுக்கு ஒன்று.

முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் பந்து ததேயுஸின் காலில் வந்து விழுந்தது. ஒருத்தனைத் தாண்டினான். இன்னொருத்தன் வழுக்கி விழுந்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி!

கோல்!

"சோடா! சோடா! சோடா!"

கேலி பண்ணிய அதே வாய்கள்தான். வேலியை முறித்துக்கொண்டு வந்து பதினோரு பேரையும் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கோப்பை முட்டத்துக்கு வந்தது.

மறுநாள் மத்தியானம் டீமே கோப்பையோடு வெள்ளிச்சந்தைக்குப் போனது. இஸ்ரவேல் வெளியே போயிருந்தார். கடையில் அவர் மனைவி ஞானபாய்.

ததேயுஸ் மிடுக்காகச் சொன்னான்: "பதினோரு சோடா எடுங்க, அக்கா. இண்ணைக்கு விலை குடுத்துக் குடிக்கோம்."

"சோடாவா? எல்லாம் தீந்துபோச்சே மக்கா!"

"அப்படிச் சொல்லுங்க! நேத்து நாங்க ஜெயிச்சதுல ஒரே நாள்ல வியாபாரம் பறக்குது, என்னா?"

ஞானபாய் சிரித்துவிட்டாள்.

"நீங்க ஜெயிக்கதுக்கு முன்னயும் இப்படித்தான். இருக்கது ஒத்த மிஷின். அஞ்சு வருஷமா உச்சிக்கு மேல ஒரு குப்பி மிஞ்சினதில்ல. கேட்டு வாறவங்களத் திருப்பி அனுப்பியே எனக்கு வாய் வலிக்குது. 'உமக்கு எதுக்குவே விளம்பரம்'னு நானும் கேட்டேன்."

ததேயுஸின் சிரிப்பு நின்றது. "அதுக்கு முதலாளி என்ன சொன்னாரு?"

"போன வருஷம் மைதானத்துல நீ பனியன வேண்டாம்னு வச்சிட்டு நடந்தத இவரு பக்கத்துல நிண்ணு பாத்தாராம். 'அந்தப் பய ரோஷக்காரன் ஏட்டி. பாசத்துல குடுத்தா வாங்கமாட்டான், நான் பேராசைக்காரனா நிண்ணாத்தான் வாங்குவான்'னு சொன்னாரு."