ஆண்டெனாவை எங்கே வைப்பது

காரின் கூரையில் ஆண்டெனா நிமிர்ந்து நின்றது. கீழே உட்கார்ந்திருந்த நான் அவ்வளவு நிமிர்வாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. டெல்லியின் அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடும் நேரம். மைக்கைக் கையில் எடுத்துவைத்திருந்தேன்.

பக்கத்து இருக்கையில் என் மனைவி சுந்தரவல்லி. மடியில் ஒரு எவர்சில்வர் டப்பாவை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் மகள் சிந்துவும் நானும் ஒன்றாகத்தான் தேர்வு எழுதி வானொலி உரிமம் வாங்கினோம். அவளுக்கு என்னைவிட மதிப்பெண் அதிகம்.

அவள் வங்கி வேலையை விட்டபோது, பத்திரிகைக்காரன் என்ற முறையில், சாப்பாட்டு மேஜையிலேயே ஒரு தலையங்கம் வாசித்தேன். மயூர் விஹாரில் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அதிலிருந்து என் போனை எடுப்பதில்லை.

ஆனால் எங்கள் கூட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. ஒருவரின் உரிமத்தில் உள்ள அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிடுவது யாராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும்.

ஜனக்புரியில் எங்கள் குடியிருப்புச் சங்கம் மொட்டை மாடியில் கம்பி நட விடாது. ஆகவே கார். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கேட்க வேண்டும் என்றால், ஆண்டெனாவை எங்கே பொருத்துகிறோம் என்பது முக்கியம்.

கூரையின் நடுவே துளை போட்டுப் பொருத்தினால் அலை நாலு திசைக்கும் சமமாகப் போகும். மழையும் உள்ளே வரும். டிக்கி ஓரத்தில் கிளாம்ப் போட்டால் ஒரு பக்கமாகத்தான் நன்றாகக் கேட்கும். அடியில் காந்தம் வைத்து நிறுத்தினால் துளை வேண்டாம். ஆனால் பெயின்ட்டைக் கீறும், திருடனுக்கும் வசதி.

படித்தேன். படம் வரைந்தேன். நிபுணர்களைப் பேட்டி கண்டேன். கரோல் பாக் கடையில் ஒருவர் டிரில்லிங் மெஷினைத் தூக்கியதும், ஒரு நிமிடம் என்று சொல்லி வெளியே வந்தவன், திரும்பிப் போகவேயில்லை. எந்தத் தேர்தல் முடிவையும் நான் இவ்வளவு அலசியதில்லை.

"பெத்த பொண்ணுகிட்டப் பேச ஒரு கம்பி. அதுக்கு ஒரு விசாரணைக் கமிஷனா?" என்று சுந்தரவல்லி கேட்ட அன்று காந்தம் வாங்கினேன்.

என் முறை வந்தது. சிந்துவின் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

இரைச்சல்.

பிறகு சிந்துவின் குரல். வழக்கப்படி, எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டாள், யாரோ ஒருவரிடம் கேட்பதுபோல.

ஜனக்புரி என்றேன்.

டெல்லி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஜனக்புரில இருந்து பேசுனா என் சிக்னல் மீட்டர் முள்ளு இப்படிக் கடைசில போயி முட்டாதுப்பா. கீழ எங்க கேட் பக்கத்துலதான நிக்கிறீங்க? அம்மா வந்திருந்தா அவங்களையும் கூட்டிட்டு ஜல்தி மேல வாங்க. ஓவர்."

அலைவரிசையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்.

சுந்தரவல்லி டப்பாவுடன் அதற்குள் லிஃப்டை நெருங்கிவிட்டாள்.

நான் காருக்குப் பக்கத்தில் நின்று, ஆண்டெனாவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவதா, அப்படியே விட்டுவிட்டுப் போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.