முதல் கல்யாணம்

"வாங்க தம்பி, வாங்க! இந்தக் கல்யாணமும் நம்ம மண்டபந்தானா?"

மண்டபத்து மேனேஜர் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தார். எஸ்றாவுக்குப் புரையேறியது போல ஓர் இருமல். "ஏசி எல்லாம் ஒழுங்கா ஓடுதா அண்ணாச்சி?" என்று அவசரமாகக் கேட்டபடி, அவர் தோளில் கைபோட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

வாசலில் தனியாக நின்றாள் பெர்சி. 'இந்தக் கல்யாணமும்' என்றாரே, அந்த 'உம்' அவள் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பெர்சி பிறந்து வளர்ந்ததெல்லாம் மும்பை. அப்பாவுக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் என்றாலும், அவள் தூத்துக்குடிக்கு வருவது இதுதான் முதல் தடவை. எஸ்றாவும் அவளும் பெங்களூரில் ஒரே ஆபீஸ். பழகினார்கள், வீட்டில் சொன்னார்கள், போன மாதம் எஸ்றாவின் ஊரான ஏரலிலிருந்து வருங்கால அத்தையும் மாமாவும் வர, மும்பையில் நிச்சயமும் முடிந்தது. கல்யாணம் மாப்பிள்ளை ஊருக்குப் பக்கத்தில், தூத்துக்குடியில். சனி, ஞாயிறுக்குள் மண்டபம், சமையல், பூ அலங்காரம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் கடற்கரையில் காற்று வாங்கலாம் என்று கிளம்பி வந்திருந்தார்கள்.

"இங்க முன்னாடி வந்திருக்கீங்களா?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"இந்தப் பக்கத்துக்காரன் மண்டபத்துக்கு வராம இருப்பனா?"

பதில் சரிதான். ஆனால் அதைச் சொன்னவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து பிரியாணி மாஸ்டர் வீடு. "போன தடவ மாதிரியே மட்டன் பிரியாணி, தால்சான்னு போட்டுருவமா?" என்றார் அவர். "சிக்கனும் பேசுவோம்" என்று எஸ்றா பேச்சைத் திருப்பினான்.  அன்று ராத்திரி ஓட்டல் அறையில் பெர்சிக்குத் தூக்கமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூ அலங்காரம் செய்கிற இசக்கித்தாயைப் பார்க்கப் போனார்கள். கட்டிக்கொண்டிருந்த மாலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, பெர்சியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"மூக்கும் முழியுமா இருக்காளே! ஏய்யா எஸ்றா, அன்னைக்கு மேடையில நின்னு அந்த அழுகை அழுதியே, பாத்த எனக்கே தாங்கல. இந்தத் தடவையாவது சிரிச்ச முகமா நில்லுய்யா."

"எந்த மேடையில அக்கா?" என்றாள் பெர்சி.

இசக்கித்தாய் வாயைத் திறந்தாள். எஸ்றாவைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, "இந்தா, நூல் எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனவள், அவர்கள் கிளம்பும் வரைக்கும் பூவைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

சாயங்காலம் முயல் தீவு கடற்கரை. அலையே இல்லாத கடல். பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் கும்மாளம் போட்டார்கள். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் கப்பலிலிருந்து எதையோ தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தன. எஸ்றா மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான். பெர்சி கை நீட்டவில்லை.

"உங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?"

நீட்டிய பொட்டலம் அப்படியே நின்றது.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல. நீங்க சொல்லலைன்னா நான் அத்தைகிட்டயே கேட்டுக்கிறேன்." போனை எடுத்தாள்.

எஸ்றா பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். "ஏளா, அம்மாகிட்ட மட்டும் கேட்டுராத. ஒடைஞ்சு போயிருவா."

பெர்சி கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப நெசந்தான். நாளைக்கு நான் மும்பைக்குப் போறேன். மண்டபம் வேண்டாம், பூ வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

மணலில் கால் புதையப் புதைய விறுவிறுவென்று நடந்தாள். அப்படியே போயிருக்கலாம். ஆனால் என்ன ஏதென்று தெரியாமல் போக அவளால் முடியவில்லை. திரும்பி வந்து அவன் முன்னால் நின்றாள்.

"அந்தக் கல்யாணம் எப்ப நடந்துச்சு?"

"போன வருசம்."

"பொண்ணு?"

"ஏரல்ல இருக்கா. எங்க வீட்டுலதான்."

"உங்க வீட்டுலயா!" அவள் குரல் உடைந்தது. "எனக்குத் தெரியாமலே வச்சிருந்து..."

"சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. ஒங்க வீட்டுல கேள்விப்பட்டா என்ன நெனப்பாவளோ, நம்ம கல்யாணம் நின்னுருமோன்னு அவளுக்குப் பயம். இதுக்கு மேல என்னால மறைக்க முடியாது பெர்சி." எஸ்றா கடலைப் பார்த்தபடியே சொன்னான். "அந்த மேடையில பொண்ணா நின்னது எங்கம்மா. மாப்பிள்ளை, நீ மாமான்னு கூப்பிடுதியே, அவுக. நான் மூணாங்கிளாஸ் படிக்கையில எங்கப்பா தவறிட்டாவ. அதுல இருந்து அவ ஒத்தையாத்தான் இருந்தா. சர்ச்சுல அவ கையப் புடிச்சுக் கொடுத்தது நாந்தான்."

பெர்சி அவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அத்தைக்கு மாப்பிள்ளை பாத்தது யாரு?" என்று கேட்டாள்.

"அதுவும் நாந்தான்."