அப்பன் ரத்தம்

“நீ என் ரத்தமே இல்லடா! போதுமா?”

வேணு போட்ட சத்தத்தில் குடிநோய் வார்டே திரும்பிப் பார்த்தது. மருமகள் பொன்னிக்கு உடம்பு கூசியது. பையைக் கட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் இளவரசன் அப்படியே நின்றுவிட்டான்.

சேர்ந்து முழுசாக ரெண்டு நாள் ஆகவில்லை, அதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். காலையில் டாக்டர், “குடி பரம்பரையா வர்ற வாய்ப்பு ஜாஸ்தி. அதுக்காக அதுவே தலையெழுத்து இல்ல” என்றிருந்தார். குடிக்கிறவன் காதில் முதல் பாதிதானே விழும்?

“தாத்தா குடிச்சே செத்தாரு. நீ இன்னும் விடல. எனக்கும் ரத்தத்துலயே இருக்குது. இங்க படுத்து இன்னா ஆவப்போவுது?” என்றான். அதற்குத்தான் வேணு அப்படிக் கத்தினார்.

“இன்னாப்பா சொல்ற?”

“ஒரு பௌர்ணமிக்கு, அடி அண்ணாமலைகிட்ட கிரிவலப் பாதையோரம் கிடந்த. தூக்கினு வந்து வளர்த்தோம். நீ குடிக்கிறதுக்கு எங்க பரம்பரை மேல பழி போடாத!”

இளவரசன் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான். பிறகு பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். “சிஸ்டர், மாத்திரை குடுங்க” என்றான். அப்பாவின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

வேணு வெளியே போய்விட்டார். பொன்னிக்கு ஆறவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது? ஆஸ்பத்திரி கேட்டில் அவரைப் பிடித்துவிட்டாள்.

“இத்தினி வருஷம் மறைச்சதை இன்னிக்குத்தான் சொல்லணுமா மாமா? உங்களுக்கு மனசாட்சியே இல்லியா?”

வேணு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் பொறந்த அன்னிக்கு உங்க அத்தை பிரசவ வலியில துடிச்சினு இருந்தா. நான் குடிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுல விழுந்து கிடந்தேன்மா.”

“அப்ப... அவரு நீங்க பெத்த பிள்ளைதானா?”

“அவன் கேட்டா நீ சொல்லிடாத. விடறேன் விடறேன்னு சொல்லியே நான் கிழவனாயிட்டேன். என்னைப் பார்த்துத்தான் அவனுக்கு நம்பிக்கையே போச்சு.”

முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“அப்பன் ரத்தம், அப்பன் ரத்தம்னு சொல்லியே சாகப் பார்த்தான். அதான், அவனுக்கு அப்பனே இல்லாம பண்ணிட்டேன்.”