நாடாப்புழு மருந்தும் மகாராணியும்

லாயத்துக் கூரை ஓட்டை வழியே விழும் வெயில், குதிரையின் சொந்தக்காரரான மச்சான் கையிலிருக்கும் ரத்தப் பரிசோதனைத் தாளில் பளபளக்கிறது. அவர் அதை ஆட்டுகிற வேகத்தில் அடுத்த ஊர் மரமெல்லாம் அசையும். "நாடாப்புழுவுக்கான எதிர்ப்புப் பொருள் ரத்தத்துல இன்னும் அப்படியே இருக்கு. நீ மருந்தே குடுக்கல மாப்ள. இனிமே மகாராணியை வேற ஆள் பார்த்துக்கட்டும்." குட்டியிலிருந்து அந்தக் குதிரையை வளர்த்த குதிரைக்காரர் கையை நீட்டிக் காட்டுகிறார். "முழுக் குழாய் மருந்தையும் வாயில பீச்சினேன் மச்சான். என் கையையும் சேர்த்துல்ல மென்னா!" வைக்கோலில் மண்டியிட்டுக் குதிரையின் வயிற்றைத் தட்டிப் பார்க்கும் டாக்டரம்மா நிமிராமலே கேட்கிறார்: "மருந்து குடுத்து எத்தனை நாளாச்சு?"

"மூணு வாரம்."

"புழு செத்தாலும் ரத்தம் அதை மறக்க மாசக்கணக்காகும். இவ்வளவு சீக்கிரம் பார்த்தா இந்தத் தாள், குடுத்தார்னும் சொல்லாது, குடுக்கலைன்னும் சொல்லாது."

தாள் ஆடுவது நிற்கிறது. குதிரைக்காரர் மகாராணியிடம் ஒரு கேரட்டை நீட்டுகிறார். அந்தக் கையைக் கண்டதும் மகாராணி பல்லை இறுகக் கடித்து, வானத்தையே முட்டுவதுபோல் தலையைத் தூக்கிக்கொள்கிறாள். அதே கேரட்டை மச்சான் வாங்கி நீட்டினால், விரலோடு சேர்த்து விழுங்கப் பார்க்கிறாள்.

"மூணு வாரமா இப்படித்தானா?"

"உங்க தங்கச்சிகூட என்கிட்ட இத்தனை நாள் கோவிச்சுக்கிட்டதில்ல மச்சான்."

மச்சான் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகுகிறார். "நாலு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுக்கிறப்போ நீயே அவளைப் புடிச்சுக்க மாப்ள" என்கிறார். "கோவம் என் பக்கம் திரும்ப வேணாம்."