நேரலையில் விழுந்த திட்டு

வெள்ள நிவாரண அதிகாரியின் அறைக்குள் மூச்சிரைக்க ஓடிவந்த உதவியாளர் டிவியைப் போட்டார்.

“சார், ஒரு அம்மா நேரலையில உங்களைக் கிழிகிழின்னு கிழிக்கிறாங்க!”

திரையில், ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடியில் நாற்பது பேருக்கு நடுவே நின்று அந்த அம்மாள் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

“மூணு நாளாச்சு! டிவிக்காரங்க படகு வந்துடுச்சு, அரசாங்கப் படகைக் காணோம். கைக்குழந்தைங்க இருக்கு, குடிக்கத் தண்ணி இல்ல. அந்த நிவாரண அதிகாரி ஆபீஸ்ல உட்கார்ந்து காகிதக் கப்பல் விட்டுட்டு இருக்காரா?”

உதவியாளர் அவசரமாகப் போனைக் கையில் எடுத்தார். அதிகாரியோ வைத்த கண் வாங்காமல் திரையையே பார்த்தார்.

“சேனலுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லட்டுமா சார்?”

“நிறுத்தாதீங்க! இன்னும் நல்லாத் திட்டட்டும்!” அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. “அவங்க சொல்றது அத்தனையும் நிஜம். அந்தப் பள்ளிக்கூடம் நம்ம பட்டியல்லயே இல்ல. நம்ம தப்புதான். உடனே ரெண்டு படகுல தண்ணியும் பால்பவுடரும் ஏத்தச் சொல்லுங்க.”

“சொல்றேன் சார். ஆனா திட்டு வாங்கிட்டு இப்படிச் சந்தோஷப்படுறவரை நான் பார்த்ததே இல்ல.”

“வெள்ளம் வந்த அன்னைக்குக் காலையில மார்க்கெட்டுக்குப் போனவய்யா. மூணு நாளா உயிரோட இருக்காளான்னே தெரியல. ஊரே தவிக்கிறப்போ என் கவலையை யார்கிட்டச் சொல்றது?”

மழைக்கோட்டை மாட்டியபடியே அதிகாரி வாசலுக்கு ஓடினார்.

“அது என் பொண்டாட்டிய்யா! முதல் படகுல நானும் போறேன். மீதியை நேர்லயே திட்டட்டும்!”